சாம்பல் கோடு

சுண்ணாம்பு வாங்கக் காசில்லை.
புதுவயல் அரிசி ஆலைகளில்
உமிச்சாம்பல் சும்மா கிடைத்தது.
அதைக் கொண்டே கோடு போட்டோம்.
கிழக்கு கோல்கம்பத்துக்குப் பின்னால் வேலிக்கருவை,
கருவைக்குப் பின்னால் சுடுகாடு.
ஆட வந்த டவுன்காரன் ஒருவன்
கோட்டை மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஓடினான்.
அது எங்கிருந்து அள்ளிய சாம்பல் என்று
அவனுக்கு யார் சொன்னார்களோ.
நாங்கள் மறுக்கவில்லை.
அன்று முழுக்க அவர்கள் விங்கில் ஆளே இல்லை.

'வெட்டியான் டீம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.
ரசீதுப் புத்தகத்தில் பெயர் வேறு:
விடிவெள்ளி கால்பந்துக் குழு,
பதிவு எண் இன்னும் வரவில்லை.

செபஸ்தி சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வெல்டர்.
ஒரு ராத்திரி வாய்ஸ் மெசேஜ், பதினோரு நிமிஷம்:
'மாப்ள, அர்ஜென்டினாவுல ஒரு கிளப்பு,
சக்கரீத்தா ஜூனியர்ஸ்.
கல்லறைக்குப் பக்கத்துப் பேட்டை.
பொணம் அடக்குறவங்கன்னுதான் ஊரே கூப்பிடுது.
அவங்க கோவிச்சுக்கல மாப்ள,
அதையே கூப்பாடு போட்டுப் பாடுறாங்க.'

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறில்
மே தினத்தன்று தொடங்கினார்களாம்.
சட்டையில் சிவப்பு, உழைக்கிறவனுக்கு.
வெள்ளை, மனசுக்கு.
கறுப்பு, கல்லறைக்கு.
ஒருவரும் ஒளிக்கவில்லை அந்தக் கறுப்பை.
நடுவில் கலைந்தே போய், மறுபடி கூடி,
அறுபத்தொன்பதில்
கோடீஸ்வரர்கள் என்று பேரெடுத்த ரிவர் பிளேட்டை
நாலுக்கு ஒன்று அடித்துக்
கோப்பை தூக்கியிருக்கிறார்கள்.
அதற்கெல்லாம் முன்பே ஒரு மைதானம் கைவிட்டுப் போனது.
வாடகை இடம். பக்கத்து அணியே வாங்கிக்கொண்டது.
இதைக் கேட்டுத்தான் அடைக்கலம் சிரித்தான்:
'அங்கேயும் பிளாட்டுக் கல்லு நட்டுட்டானுகளா?'

பார்சலில் பனியன் வந்தது.
போட்டு இறங்கிய முதல் நாளே
டீக்கடையில் நிறுத்திக் கேட்டார்கள்:
'எலெக்சன் வந்திருச்சா? நீங்க எந்த அணி?'
கறுப்பு சிவப்பு வெள்ளையை
இந்த நாட்டில் பந்துக்காக உடுத்த முடியாது.
வார்டு செயலாளர் தோளில் தட்டிவிட்டு
ஆளுக்கொரு வடை சொன்னார்.
சாப்பிட்டோம்.
கொள்கை கிடக்கட்டும்.

ஆடி மாதக் கோப்பை, அரையிறுதி, எங்கள் மண்ணில்.
ஒன்றுக்கு ஒன்று.
அந்த ஒன்று அடைக்கலத்துடையது,
இடது காலின் வெளிப்பக்கத்தால் சும்மா ஒரு சீவல்.
அறுபதாவது நிமிஷம்
ரோட்டில் பறை கேட்டது.
ரெஃப்ரி விசில் ஊதவில்லை,
ஆனாலும் எல்லோரும் நின்றோம்.
பூ உதிர்த்துக்கொண்டே தேர் போனது.
பின்னால் வந்தவர்களில் ஒருவர்
கோட்டோரம் நின்று,
பெயர்கூடச் சொல்லாமல்
அடைக்கலத்தைப் பார்த்துக் கையை அசைத்தார்.

அவன் அப்பாவுக்கு அன்று காய்ச்சல்.

பூட்ஸைக் கழற்றி என் கோல்கம்பத்தடியில் வைத்தான்.
பனியனைக் கழற்றவில்லை.
மாற்று ஆள் எங்களிடம் எப்போது இருந்தது?
பத்துப் பேர்.

எனக்குப் பின்னால் விறகு அடுக்கும் சத்தம்,
எனக்கு முன்னால் அவர்களுடைய கார்னர்.
இரண்டாவது கோல் என் தப்பு, திரும்பிப் பார்த்துவிட்டேன்.
மூன்றாவதில் புகை கண்ணில்.
நாலாவதுக்குக் காரணம் சொல்ல மாட்டேன்.

நாலுக்கு ஒன்று.
அதே கணக்கு, ஆள்தான் மாறிப்போச்சு.
செபஸ்திக்கு என்னவென்று டைப் அடிப்பேன்?

இருட்டின பிறகு வந்தான்.
முழங்கால் வரை சாம்பல்.
பனியனில் கறுப்புப் பட்டை எது, கரி எது என்று
பிரித்துச் சொல்ல முடியவில்லை.
'எவ்வளவு?' என்றான்.
சொன்னேன்.
வெறுங்காலோடு பந்தைக் கொண்டுபோய்
பெனால்ட்டி புள்ளியில் வைத்தான்.
'நில்லு' என்றான்.
நின்றேன்.
எந்தப் பக்கம் அடித்தானோ, தெரியாது.
வலையில்லாத கோலைத் தாண்டிப்
பந்து கருவைக்குள் புகுந்தது மட்டும் கேட்டது.

தேடி எடுக்க முக்கால் மணி நேரம்,
அவன் உள்ளங்காலில் ரெண்டு முள்.
ஞாயிற்றுக்கிழமை லீக் மேட்ச்.
மில்லில் சாம்பலுக்குச் சொல்லியாகிவிட்டது.